கடல் கடந்த இல்லறம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. பிரிந்த இரு கிளைகளும் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பெயர் பெற்று, திருவரங்கத் தீவின் இருபுறமும் ஓடி, கல்லணையின் அருகே மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. புதுமணத் தம்பதியரை அழைத்துக்கொண்டு முக்கொம்புப் பூங்காவிற்கு வரும் குடும்பங்கள் பல. அத்தம்பதியருள் சிலருக்கு அந்த ஆற்றின் நிலையே வாய்க்கின்றது. விடுப்பு முடிந்து மணமகன் கனடாவிற்கோ அமெரிக்காவிற்கோ திரும்புகின்றான். மணமகள் விசாவை எதிர்நோக்கிப் பெற்றோர் இல்லத்தில் காத்திருக்கின்றாள்.

அப்போது இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சேர்ந்து வாழாதிருக்கும் மனைவிக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்குமா? அங்குச் சென்றபின் கணவனைப் பிரிய நேர்ந்தால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? இவற்றிற்கு விடை அறியாமையால் விளையும் துன்பம் சிறிதன்று.

கனடாவை முதலில் எடுத்துக்கொள்வோம். முறைப்படி மணந்த மனைவி இங்கிருந்து விண்ணப்பிக்கையில், அவள் ஏற்கெனவே கணவனோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்னும் விதி இல்லை. மணம் உண்மையானதா என்பதையே அதிகாரிகள் ஆராய்கின்றனர். மணச் சான்றிதழ், திருமணப் படங்கள், கடிதத் தொடர்பு, கணவன் வந்துபோன பயணச் சீட்டுகள் ஆகியவை சான்றாகும். கனடாவிலேயே தங்கியிருக்கும் துணைவருக்கென அமைந்த பிரிவில் விண்ணப்பித்தால் மட்டும் இருவரும் அங்கே சேர்ந்து வாழ்தல் வேண்டும். போலிச் சான்று காட்டுவோருக்கு 5 ஆண்டுகள் தடை விதிக்கப்படும்.

2012 அக்டோபரில் அந்நாடு ஒரு நிபந்தனை விதித்தது. உறவு தொடங்கி 2 ஆண்டுகளுக்கு மேற்படாத, குழந்தையற்ற தம்பதியர், மனைவியோ கணவனோ அங்குக் குடியேறியபின் 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும். தவறினால் உரிமை பறிபோகலாம். கொடுமைக்கு ஆளானவர்க்கு விலக்கு இருந்தது. ஆயினும், உரிமையை இழப்போமோ என்று அஞ்சி அடியையும் வசையையும் பொறுத்துக்கொள்ளும் நிலைக்கு அவ்விதி பெண்களைத் தள்ளுகின்றது என்ற குறை எழுந்தது. 2017 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. இன்று அந்நிபந்தனை இல்லை. மேலும், மனைவியை வரவழைக்கும் கணவன் 3 ஆண்டுகள் அவளது அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்கின்றான். பிரிவினாலும் அப்பொறுப்பு நீங்காது.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகி 2 ஆண்டுகள் நிறைவதற்குள் உரிமை பெறுவோருக்கு 2 ஆண்டுக் கால நிபந்தனை அட்டையே வழங்கப்படுகின்றது. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆனால் கணவனால் கொடுமைக்குள்ளான மனைவி, தான் நல்லெண்ணத்துடன் மணந்ததை மெய்ப்பித்து, தனியாகவே மனுச் செய்யலாம். கணவனின் கையெழுத்து அவளுக்குத் தேவையில்லை.

திருச்சபையின் சட்டமும் இதனையே நமக்கு உணர்த்துகின்றது. தம்பதியர் கூடிவாழ்தல் கடமையும் உரிமையுமாகும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1151-ஆம் விதி. உடலுக்கோ உள்ளத்திற்கோ பேராபத்து விளையும்போது பிரிந்திருக்க நியாயமுண்டு என்கிறது 1153-ஆம் விதி. கூடிவாழ்தல் அன்பின் கனி. அதனை விலங்காக்குவது இறைத்திட்டமன்று.

பெற்றோரே, கோவிலில் ஓலை வாசிக்கப்படுமுன் மணமகனின் குடியிருப்பு நிலையைக் கேட்டறியுங்கள். கனடாவில் நிரந்தர உரிமை மட்டும் பெற்றவர், அந்நாட்டில் வசித்தால்தான் மனைவியை வரவழைக்க இயலும். மகளின் கடவுச்சீட்டும் மணச் சான்றிதழும் அவள் கையிலேயே இருக்கட்டும். "எது நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஆபத்து நேர்ந்தால் சட்டம் துணை நிற்கும் என்பதையும், பிறந்த வீட்டின் கதவு திறந்தே இருக்கும் என்பதையும் அறிந்து அவள் விமானம் ஏறட்டும்.