வேகத்துக்கு முன் உயரம்

கொளத்தூரில் கலர் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரின் கொட்டகைக்குப் போன மாதம் விடியற்காலையில் போக நேர்ந்தது. ஏஞ்சல் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடித்தொட்டிப் பம்ப் உறுமிக்கொண்டுதான் இருந்தது, தண்ணீர் ஏறவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். நீருக்குள் கிடந்தும் உடம்பு சூடாக இருந்தது. இம்பெல்லர் உடையவில்லை, பாசி சிக்கவில்லை. ஆனால் பிளக்குக்கும் பம்புக்கும் நடுவே சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“தண்ணி ரொம்ப வேகமா விழுந்துச்சு சார், குஞ்சுங்க அடிச்சிட்டுப் போவுது. அதான் குறைச்சு வெச்சேன். நாலு நாளா நல்லாத்தான் ஓடுச்சு” என்றார்.

நாலு நாள் ஓடியது உண்மைதான். முந்தின இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. நாம் வாங்கும் சாதாரண ஏசி பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது காந்தச் சுழலி கொண்ட சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். இரண்டு துருவ மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அவ்வளவுதான். ரெகுலேட்டரைத் திருகினால் வேகம் குறையாது. இழுக்கும் பலம் மட்டும் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் குறைந்த பலத்திலும் ஓடிவிடலாம். ஒருமுறை நின்றுவிட்டால் அதே பலத்தில் மறுபடி கிளம்ப முடியாமல் முன்னும் பின்னும் உதறிக்கொண்டு, காயிலைச் சூடாக்கிக்கொண்டு கிடக்கும். இந்தப் பம்பில் நீரைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் குழாயில் வால்வு வைத்துத் திருகுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். அங்கே அடைத்தால் பம்புக்குள் நீர்க்குமிழி வெடித்து இம்பெல்லரை அரிக்கும்.

வேகம் மாற்ற வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த மோட்டார்தான் வேண்டும். சிறிய தொட்டிகளுக்கு 24 வோல்ட் பிஎல்டிசி பம்ப். வீட்டு மின்விசிறியில் நாம் பழகிவிட்ட அதே சங்கதி. பண்ணை அளவில் த்ரீ ஃபேஸ் மோட்டாரும், அதிர்வெண்ணை மாற்றிக் கொடுக்கும் விஎஃப்டி டிரைவும். இரண்டும் நல்லவை. ஆனால் கடையில் பெட்டியைப் பார்த்து, பத்து வேகம் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்ல நினைக்கிறேன்.

வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் நீரும் 80 சதவீதம் ஆகும். மோட்டார் தின்னும் கரண்ட் பாதியளவுக்கு இறங்கும். விற்பவர் சொல்லும் இந்தக் கணக்கு சரியே. ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த நீரை அதே தொட்டிக்குள் திருப்பி விடும் கேனிஸ்டர் ஃபில்டர் போன்ற இடத்தில்தான் அது சரி. அங்கே மோட்டார் குழாய் உராய்வையும் ஃபில்டரின் தடையையும் மட்டுமே வெல்ல வேண்டும். அடித்தொட்டியிலிருந்து மேல் தட்டுக்கு ஏற்றும் நம் வழக்கமான அமைப்பு அப்படியல்ல. வேகம் குறையும்போது பம்ப் ஏற்றக்கூடிய உயரம் அதன் வர்க்கத்தில் குறைகிறது.

பெட்டியில் அதிகபட்ச உயரம் 4 மீட்டர் என்று போட்ட பம்பை எடுத்துக்கொள்வோம். 80 சதவீத வேகத்தில் அது 2.56 மீட்டர். 70-இல் 1.96. 60-இல் 1.44. உங்கள் மேல் தொட்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 60 சதவீதத்தில் ஒரு சொட்டு நீர் மேலே வராது. மோட்டார் சத்தமில்லாமல் சுற்றும், கன்ட்ரோலரில் விளக்கும் எரியும், நீர் குழாயின் நடுவழியில் நிற்கும். பயோ ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போகாது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான், நம் ஊர் வெயிலில் கைவசம் இருக்கும் நேரம் குறைவு. பத்து வேகம் என்று வாங்கிய பம்பில் உங்களுக்கு உண்மையில் உதவுவது மேலே உள்ள மூன்று நான்கு வேகங்கள் மட்டுமே.

எனவே கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து அடித்தொட்டி நீர்மட்டத்திலிருந்து மேல் குழாயின் வாய் வரை அளந்துகொள்ளுங்கள். எல்போ, வால்வு, குழாய் நீளம் இவற்றின் தடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் எப்போதும் ஒரே அளவுதான் வேண்டும் என்றால் வேகம் மாறும் பம்பே தேவையில்லை. சரியான அளவில் சின்னப் பம்ப் ஒன்று போதும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் மோட்டாரில் ஒரு வாட் குறைந்தால் வருடத்துக்கு 8.76 யூனிட் மிச்சம். குஞ்சுத் தொட்டிக்கு ஒரு நாள் மெதுவாகவும் வளர்ந்த மீனுக்கு மறுநாள் வேகமாகவும் விட வேண்டியவர்கள், கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து ஓட்ட நினைப்பவர்கள் தாராளமாகப் பிஎல்டிசி வாங்கலாம்.

வாங்கியபின் அதன் சொந்தக் கன்ட்ரோலரையோ, 0–10 வோல்ட் சிக்னல் கம்பியையோ பயன்படுத்துங்கள். 24 வோல்ட் வரும் வழியில் எல்இடி டிம்மரைச் செருகுவது ரெகுலேட்டர் கதையேதான். உள்ளே இருக்கும் டிரைவர் குழம்பிப்போகும். தொட்டியில் மீன் விடும் முன்பே, நீங்கள் வைக்கப்போகும் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். சில கன்ட்ரோலர்கள் பழைய வேகத்துக்கே திரும்பும். சில, பட்டனை அழுத்தும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு எந்தப் பண்ணையாளரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

விஎஃப்டி வைப்பவர்களுக்கு: கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை அதில் மாட்ட வேண்டாம். டிரைவில் குறைந்தபட்ச அதிர்வெண்ணை உயரக் கணக்கிலிருந்து எடுத்துப் பூட்டிவிடுங்கள். மேலே சொன்ன அளவுகளில், குழாய்த் தடைக்கும் கொஞ்சம் இடம் விட்டால், அது 33 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். மோட்டாரின் பின்புற விசிறியும் அதே தண்டில்தான் சுற்றுகிறது, வேகம் குறைந்தால் காற்றும் குறையும். டிரைவ் போட்டதும், ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஈரக் கையோடு வேலை செய்யும் தொழில் இது. டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்சிசிபியைத் தனி லைனில் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள், எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்வோம். 20 லிட்டர் வாளியை மேல் குழாயின் வாயில் பிடித்து, கைபேசியில் நேரம் பாருங்கள். 18 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 4,000 லிட்டர்; 36 விநாடி என்றால் 2,000. கன்ட்ரோலரின் ஒவ்வொரு எண்ணுக்கும் அப்படி அளந்து, நீர் நின்றுபோகும் எண்ணையும் உங்கள் தட்டின் உயரத்தையும் குழாயின் அளவையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். வருவதையெல்லாம் அடுத்த இதழில் அட்டவணையாகப் போடுகிறோம். கொளத்தூர் நண்பர் தன் கணக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்: உயரம் 1.4 மீட்டர், புதுப் பம்ப், நீர் நிற்கும் எண் 6.