வெறுங்கூரையும் வேகும் வீடும்

கரம்பொனில் பனையோலைக் கூரை போயிற்று, ஓடும் போகிறது. எழும்புவதெல்லாம் கொங்கிறீற்றுத் தட்டு வீடுகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அத்தட்டு இரவில் வீட்டுக்குள் கக்குகிறது. அதற்கு மருந்து குளிரூட்டியாம்!

இவ்வீடுகளுக்கான பணம் பெரும்பாலும் கடல்கடந்தே வருகிறது. நம்மவர் திரண்டு வாழும் ரொறன்ரோவில், பெரிய புதுக் கட்டடங்களின் கூரையில் செடி வளர்க்கவேண்டுமென மாநகரசபை 2009இல் சட்டம் இயற்றியது. அவ்வறிவு மட்டும் ஊருக்கு வரவில்லை. தொலைவுக்கேன் போவான்? நம் நாட்டின் உலர்வலயத்திலேயே, கண்டலமவில், ஜெஃப்ரி பாவா 1990களில் எழுப்பிய விடுதியின் கூரை பசுமை போர்த்தது.

‘தீவகத்தில் குடிக்கவே நீரில்லை; கூரைக்கு எங்கே போவது?’ என்பர். நியாயமான கேள்வி. ஆறில்லாத இம்மண்ணில், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீர்மேல் மிதக்கும் மென்படையே நமது நன்னீர். அதை இறைத்துக் கூரையில் புற்றரை வளர்ப்பது பாதகம். நான் கேட்பது புற்றரையன்று. நாலு விரற்கடை மண்ணும், கோடையைத் தாங்கும் கற்றாழையும் பிரண்டையுமே. வெயில் தட்டைத் தொடாது. மாரிமழையின் ஒரு பங்கை மண் பிடித்துக்கொள்ளும்.

பாரந்தாங்கும் தட்டும் நீர்க்கசிவுத் தடுப்பும் கட்டும்போதே அமையவேண்டும்; பின்னர் மண்ணேற்றுவது ஆபத்து. ஆகவே, வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் பிரதேச சபை இதனை அப்போதே கேட்கட்டும். மாளிகை எழுப்புவோரே, குளிரூட்டிக்கு விலை பேசுமுன் கூரையைப் போர்த்துங்கள்.