சளிப் பரிசோதனையும் காலதாமதமும்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அங்கத்தினர்கள் அறிந்ததே. அறிந்திருந்தும் பலர் தயங்குகின்றனர். ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளில் தறி நின்றுவிடுகிறது. வயல் வேலையும் கெடுகிறது. சளி கொடுக்க ஒரு நாள். முடிவு கேட்க ஒரு நாள். "இன்னும் வரவில்லை" என்ற பதிலுடன் திரும்ப மற்றொரு நாள். இவ்வாறு மூன்று நாட்கூலியை இழந்தவர் நான்காம் முறை செல்லாவிட்டால், அவர் மீது மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமாகாது.

காசநோய்க் கிருமி மெதுவாக வளரும் இயல்புடையது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்த்துக் கண்டறிய எட்டு வாரங்கள் வரை செல்லும். ஆனால் 2010-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட ஜீன் எக்ஸ்பர்ட் கருவி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி உள்ளதா என்பதையும், ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் தெரிவித்துவிடுகிறது. நம் நாட்டில் தயாராகும் ட்ரூநாட் கருவியையும் 2020-ல் அந்த ஸ்தாபனம் ஏற்றது. மின்கலத்தில் இயங்கும் இக்கருவியைச் சிறிய சுகாதார நிலையத்திலும் வைக்கலாம்.

அங்ஙனமாயின், தாமதம் நேர்வது எங்கே? கருவிக்கு முன்னும் பின்னுமே என்பது நம் கருத்து. சளிக் குப்பி வண்டிக்காகக் காத்திருக்கிறது. எழுதப்பட்ட முடிவு மேஜையில் காத்திருக்கிறது. அதற்குள் நோயாளி மருந்தின்றி இருமுகிறார். உடனிருப்போருக்கும் நோய் பரவ இடமுண்டாகிறது.

பால் சங்கங்களைப் பாருங்கள். பால் கெடுவதற்குள் அளந்து, சீட்டு எழுதி, குறித்த நேரத்தில் வண்டி ஏற்றிவிடுகின்றன. அந்த ஒழுங்கே இங்கும் வேண்டுவது. சளி பெற்ற நாள், அனுப்பிய நாள், முடிவு வந்த நாள், மருந்து தொடங்கிய நாள் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் பதிந்தால், தாமதம் எங்கென்பது தானே விளங்கும். முடிவை அன்றே தொலைபேசியில் நோயாளிக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும். அது ஊரார் அறியவேண்டிய செய்தியன்று.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகிற்கு மெய்ப்பித்தது. மருந்து வீட்டிற்கு வந்துவிட்டது, முடிவும் வரக்கூடாதா?

ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். இழை அறுந்த இடத்தைக் கண்டு முடிபோடுவது நமக்குப் புதிய வேலையன்று.