கோட்டைத் தாண்டினால் யார் அவுட்?

எங்கள் வன்னியம்பட்டியில் ஒரு பொங்கலுக்கு நடந்த சடுகுடு. பாடிப்போனவன் யாரையும் தொடாமலே ஓரக்கோட்டைத் தாண்டிவிட்டான். மறிக்கப் போன மூன்று பேரும் பின்னாலேயே தாண்டினார்கள். யார் அவுட்? அன்று மூண்ட சண்டையில் நானும் என் சேக்காளியும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

பட்டிக்காட்டு ஆட்டம், அதனால்தான் தகராறு என்று நினைத்திருந்தேன். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, இந்தியா–ஈரான் கபடி இறுதியாட்டம். 28–28 சமம். பவன் செராவத் யாரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் போய்விட்டார். ஈரான்காரர்களும் பின்தொடர்ந்தார்கள். ஒரு விதிப்படி அவர்களும் அவுட். இன்னொரு விதிப்படி இல்லை. தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33–29, தங்கம் நமக்கு.

சந்தோஷம்தான். ஆனால் ஈரான்காரன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் தப்பு நடந்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுகிறார். பிறகு மைக்கில் என்ன தப்பு, எந்த எண் ஆட்டக்காரர், எத்தனை கெஜம் தண்டனை என்று மைதானம் முழுக்கக் கேட்கச் சொல்கிறார். தண்டனை பட்டவனுக்கும் காரணம் தெரிகிறது.

தண்டனை பெரிதா சிறிதா என்பதல்ல விஷயம். ஆடுமுன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வரும் பொங்கலுக்கு நம் பையன்கள் கோடு போடும்போதே விதியையும் சத்தமாகச் சொல்லிவிடட்டும். மூன்று வருஷம் மிச்சமாகும்.