பல்லைப் பிடித்துப் பார்க்க இவர்கள் மாடுகளா?

சந்தையில் மாடு வாங்குபவர் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயதைச் சொல்லிவிடுவார். நாகரிகத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்ததாகப் பீற்றிக்கொள்ளும் ஐரோப்பா, அகதிப் பிள்ளைகளிடம் இதே வேலையைச் செய்கிறது சகோதரர்களே!

2015ல் மட்டும் பெற்றோர் துணையின்றி சுமார் 35 ஆயிரம் சிறார்கள் ஸ்வீடனில் அடைக்கலம் கேட்டனர். பெரும்பாலோர் ஆப்கானியர். பலரிடம் பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லை. குண்டு விழும் ஊரில் எந்த முனிசிபாலிட்டி சான்றிதழ் கொடுக்கும்?

2017ல் அந்நாட்டுச் சட்ட மருத்துவ வாரியம் ஒரு வழி கண்டது. ஞானப்பல்லுக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. பையன்களைப் பொறுத்தவரை இரண்டில் ஒன்று முதிர்ந்திருந்தாலே போதும், 18ஐத் தாண்டியவன் என்று அறிக்கை! காப்பாளர் போனார், சிறுவர் விடுதி போயிற்று, நாடுகடத்தல் நெருங்கியது.

பல் அப்படி என்ன சொல்கிறது? வேரின் நுனி மூடிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். சிறு பிள்ளைகளிடம் பல பற்கள் ஒன்றாக வளர்வதால் கணக்கு ஓரளவு பொருந்தும். 16க்கு மேல் வளர மிச்சமிருப்பது ஞானப்பல்தான். அதுவோ ஒருவனுக்கு 17லேயே மூடும். இன்னொருவனுக்கு 20 தாண்டியும் திறந்திருக்கும். சிலருக்கு அந்தப் பல்லே உருவாவதில்லை. பிள்ளைகளின் பல் வயதுக்கு உலகெங்கும் கையாளப்படும் டெமிர்ஜியன் அட்டவணை, 1973ல் பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. வேறு நாட்டுப் பிள்ளைகளிடம் பல ஆய்வுகளில் அது வயதைக் கூட்டியே காட்டியது.

வியாபாரிகளே, ஒரு பவுன் முன்னே பின்னே காட்டும் தராசில் நகை நிறுப்பீர்களா?

எக்ஸ்ரே சொல்லும் வயதில் இரண்டு பக்கமும் 2 ஆண்டு பிசகலாம் என்று நம் உச்ச நீதிமன்றமே 1982ல் ஜெயமாலா வழக்கில் சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவும் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை என்கிறது. (நம் வீடுகளில் எத்தனை பேரிடம் இந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன என்பது வேறு கதை.)

பெரியவர்களும் சிறுவர் என்று பொய் சொல்லி நுழைகிறார்களே என்பார்கள். சிலர் சொல்லியிருக்கலாம், மறுக்கவில்லை. அதற்காகச் சந்தேகத்தின் பலனைப் பிள்ளையிடமிருந்து பறித்து அரசாங்கத்துக்குக் கொடுப்பதா?

2016ல் பிரிட்டனில் எம்.பி. டேவிட் டேவிஸ் பல் பரிசோதனை கேட்டபோது பல் மருத்துவர் சங்கமே எதிர்த்தது. சிகிச்சைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு செலுத்துவது வைத்திய தர்மமா என்பதே கேள்வி. ஆனாலும் 2022ல் சட்டம் வந்தது. 2024 ஜனவரியில் ஞானப்பல் எக்ஸ்ரே விதிகளில் ஏறியது. கட்டாயமில்லையாம், சம்மதம் கேட்பார்களாம்! தகுந்த காரணமின்றி மறுத்தால் மட்டும் அவன் சொல்வதன் நம்பகத்தன்மையே பாதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். இதற்குப் பெயர் சம்மதமா?