இயந்திரத்தை நிறுத்தினால் போதுமா?

கடந்த தீபாவளிக்கு என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்தாம் படிவம் முடித்து, தொழிற்பயிற்சி பெற்று, இப்போது கனரக வாகனப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். முறுக்கைக் கடித்துக்கொண்டே அவர் கேட்ட கேள்வி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

“சார், எஞ்சினை நிறுத்திட்டோம். சாவியையும் எடுத்தாச்சு. அழுத்தமானி பூஜ்யம் காட்டுச்சு. அப்புறம் எப்படி சார் எண்ணெய் பீச்சி அடிச்சது?”

அன்று அவர் பழுதுபார்த்தது ஒரு குப்பை லாரி. தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புக் கை பாதி உயரத்தில் நின்றிருந்தது. எண்ணெய்க் குழாயின் இணைப்பைத் தளர்த்தியதும் எண்ணெய் சீறியது. கை சட்டென்று கீழே விழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அவருடைய கண்ணைக் காப்பாற்றியது. கைக்கு அடியில் அவர் வைத்திருந்த கருவிப்பெட்டி நசுங்கிப் போனது.

பாஸ்கல் தத்துவத்தில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் சரியாகச் செய்தவர் அவர். அவருக்கு அதைக் கற்பித்தவன் நான். அப்படியானால் நான் கற்பித்ததில் எது விடுபட்டது?

அந்தக் கையைச் சுழற்றும் உறுப்பை முதலில் பார்ப்போம். சில குப்பை லாரிகளில் இந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக் சுழல் இயக்கி. சாதாரண ஹைட்ராலிக் உருளை நேர்கோட்டில் தள்ளும். சுழல் இயக்கியோ ஓர் அச்சைக் குறிப்பிட்ட கோணம் வரை திருப்பும். இதில் பல வகைகள் உண்டு. எளிதில் புரிவது பற்சட்ட வகை. எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு இணைந்த பற்சட்டம் நகரும். அது பற்சக்கரத்தைத் திருப்பும். கப்பலின் சுக்கானைத் திருப்பவும் குழாய்களின் பெரிய வால்வுகளை மூடித் திறக்கவும் இத்தகைய இயக்கிகள் பயன்படுகின்றன.

அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எண்ணெயின் அழுத்தம் 210 பார் என்று வைத்துக்கொள்வோம். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல்தான். பிஸ்டனின் விட்டம் 5 செ.மீ. என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ.; விசை சுமார் 41,000 நியூட்டன். பற்சக்கரத்தின் ஆரம் 4 செ.மீ. என்றால் திருப்புத்திறன் ஏறக்குறைய 1,650 நியூட்டன் மீட்டர். காரின் சக்கர நட்டை முடுக்க 100 நியூட்டன் மீட்டர் அளவே போதும். ஒரு சிறு பெட்டிக்குள் அதைப்போல 16 மடங்கு!

இந்தக் கணக்கைச் செய்ய நம் மாணவர்களுக்குத் தெரியும். அடுத்த கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை. பம்பு நின்ற பிறகு அந்த அழுத்தம் எங்கே போகிறது?

பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதற்கு விடை காணலாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை நீர் நிரம்பிய குழாயால் இணையுங்கள். ஒன்றை வாய் கீழே இருக்கும்படி தாங்கியில் பொருத்தி, அதன் தண்டின்மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். மற்றதை அழுத்தினால் புத்தகம் உயரும். இப்போது குழாயின் நடுவில் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். நீங்கள் அழுத்திய சிரிஞ்சு தளர்ந்திருக்கும். அந்தப் பக்கத்தில் அழுத்தமே இல்லை. ஆனால் புத்தகம் உயரத்திலேயே நிற்கிறதே! அதைத் தாங்குவது கிளிப்புக்கு அப்பால் சிறைப்பட்ட நீர். கண்ணாடி அணிந்துகொண்டு, புத்தகத்துக்குக் கீழுள்ள சிரிஞ்சிலிருந்து குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். நீர் பீச்சும், புத்தகம் இறங்கும்.

குப்பை லாரியில் நடந்ததும் இதுவே. கிளிப்பின் இடத்தில், பாரம் விழாமல் பிடித்து நிறுத்தும் வால்வு இருந்தது. அழுத்தமானி பம்பின் பக்கத்தில் இருந்தது. அது பொய் சொல்லவில்லை. தன் பக்கத்து உண்மையை மட்டும் சொன்னது. இயக்கியின் பக்கத்திலோ, உயர்ந்து நின்ற இரும்புக் கையின் எடை எண்ணெயை அழுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் பராமரிப்பு விதிகளில் முதல் வேலை பாரத்தைத் தரையில் இறக்குவது. முடியாவிட்டால் உறுதியான தாங்கி கொடுத்து நிறுத்துவது. பிறகு எஞ்சினை நிறுத்தி, வேறு யாரும் இயக்க முடியாதபடி பூட்டு மாட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும். அடுத்து, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையில் இயக்கியின் இரு பக்கத்து அழுத்தத்தையும் வெளியேற்ற வேண்டும். நைட்ரஜன் வாயு அடைத்த அழுத்தச் சேமக்கலன் இருந்தால் அதன் அழுத்தத்தையும் இறக்க வேண்டும். சில வால்வு இயக்கிகளுக்குள் இறுக்கப்பட்ட பெரிய சுருள்வில் இருக்கும். அதற்குரிய கருவியும் பயிற்சியும் இல்லாமல் மூடியைத் தொடவே கூடாது. இயக்கியின் பக்கத்திலேயே அழுத்தம் பூஜ்யம் என்று உறுதிசெய்த பிறகுதான், முகத்தை விலக்கி வைத்து, இணைப்பை மெல்லத் தளர்த்த வேண்டும்.

கசிவைத் தேட ஒருபோதும் விரலை வைக்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

இயக்கியைப் பிரித்து முழுமையாகப் பழுதுபார்க்கும்போதும் ஒவ்வொரு விதிக்கும் ஓர் அறிவியல் காரணம் உண்டு. பிரிப்பதற்கு முன் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, கழற்றிய குழாய் வாய்களை மூடுவது ஏன்? ஒரு மணல்துகள் போதும், உருளையின் உட்சுவரைக் கீறி எண்ணெய்க்கு வழிவிட. பற்சக்கரத்திலும் பற்சட்டத்திலும் அடையாளக் கோடு போடுவது ஏன்? 24 பற்கள் உள்ள சக்கரம் ஒரு பல் தவறினால் அச்சு 15 பாகை விலகி நிற்கும். மீண்டும் பூட்டிய பின், பாரமில்லாமல், குறைந்த அழுத்தத்தில் முன்னும் பின்னும் பலமுறை இயக்கிக் காற்றை வெளியேற்றுவது ஏன்? எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். சுருங்கிய காற்றும் ஒரு சுருள்வில்தான். இயக்கி திடீரென்று துள்ளும்.

“இதெல்லாம் மெக்கானிக் வேலை, பட்டறையில் கற்றுக்கொள்ளட்டும். பாடத்திட்டமே முடியவில்லை” என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பாடத்திட்டத்தின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் பட்டறை படிகளைத்தான் கற்றுத்தரும். காரணம் தெரியாத படியை, அவசரமான ஒரு மாலையில் யாராவது தாண்டிவிடுவார்கள். காரணத்தைக் கற்றுத்தர வேண்டிய இடம் அறிவியல் வகுப்பு. அந்த சிரிஞ்சுச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994, திருத்தப்பட்டு 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற உரிமையை அது தருகிறது. நல்ல உரிமை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்று அறிந்தவரால்தானே அதைப் பயன்படுத்த முடியும்? அமைதியாக நிற்கும் இரும்புக் கையில் ஆபத்தைக் காணும் கண்ணை யார் தருவது?

மாணவர்களே, உங்களில் பலர் நாளை தொழிற்கல்லூரிக்கும் பட்டறைக்கும் துறைமுகத்துக்கும் செல்வீர்கள். எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: “நின்றுவிட்டது சரி, சக்தி இப்போது எங்கே இருக்கிறது?” உயர்ந்து நிற்கும் பாரத்திலா, அடைபட்ட எண்ணெயிலா, சுருங்கிய வாயுவிலா, சுருள்வில்லிலா? விடை தெரியாவிட்டால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மூத்தவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அன்று என் மாணவருக்கு சமையலறைக் குழாயடியில் இரண்டு சிரிஞ்சுகளை வைத்து விளக்கிக் காட்டினேன். “இதை அப்பவே காட்டியிருக்கலாமே சார்” என்றார். இந்த ஆண்டு என் ஐந்தாம் படிவ வகுப்பில், கணக்குக்கு முன்பே அந்தச் சோதனையைச் செய்து காட்டிவிட்டேன்.