பொன்னிலைக் காடும் விருந்தினர் கடனும்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மலைகளில் ஆஸ்பென் மரங்கள் பசுமை நீங்கிப் பொன்னிறம் பூணுகின்றன. இலைக்காம்பு தட்டையாதலின், மெல்லிய காற்றிலும் இலைகள் அரசிலைபோற் சலசலக்கும். அக்காட்சியைக் காண விழைந்தோர் மலையேறிக் கூடாரமடித்துத் தங்குவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் நலந்தரும் இவ்வழக்கத்தை நாம் பெரிதும் போற்றுகின்றோம். ஆயினும், பொன்னிலைகளை மட்டும் கண்டு மீளுதல் போதாது என்பதே நமது துணிபு.

யூட்டா மாநிலத்தில் ஃபிஷ் ஏரியின் அருகே 'பாண்டோ' என்னும் ஆஸ்பென் தோப்பு ஒன்றுளது. இலத்தீன் மொழியில் அப்பெயர்க்குப் 'பரவுகிறேன்' என்பது பொருள். சுமார் 106 ஏக்கர் பரப்பில் ஏறக்குறைய 47,000 அடிமரங்கள் அங்கு நிற்கின்றன. அவை யாவும் ஒரே வேர்த்தொகுதியினின்று, வாழைக்குக் கன்றுபோல், கிளைத்தெழுந்தவை. கண்ணுக்குக் காடு, உண்மையில் ஒரே மரம்!

வாழையடி வாழையென வந்த அத்தொடர்ச்சி இன்று அறுபடும் நிலையிலுள்ளது. முதுமரங்கள் சாய்கின்றன, இளங்கன்றுகளை மானும் மாடும் மேய்ந்துவிடுகின்றன. மானை அடக்கிவந்த ஓநாய்களை ஒழித்தவரும், மாடுகளை அங்கு மேயவிட்டவரும் மனிதரே அன்றோ? வேலி செவ்வனே காத்த பகுதியில் கன்றுகள் தழைத்தமையை 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

வேலி காட்டின் அழகைக் கெடுக்கும் என்பாரும் உளர். மனிதர் கைபடாத காடாயின் அவர் கூற்றுப் பொருந்தும். நாமே விளைத்த கேட்டுக்கு வேலி ஒரு மருந்து. மருந்து கசக்கிறதென்று நோயாளியைக் கைவிடுதல் முறையாகாது.

கூடாரமடிப்போர்க்கும் ஒரு கடனுண்டு. ஆஸ்பெனின் பட்டை மெல்லியது. அதிற் பெயர் செதுக்கின், அப்புண்வழியே பூஞ்சண நோய் புகுந்து மரத்தை மாய்த்தல் கூடும். தன் பெயர் நிலைக்க விரும்பியவன், அப்பெயரைத் தாங்கும் மரத்துக்கே கேடு சூழ்கின்றான்! வகுப்பு மேசையிற் பெயர் செதுக்கிப் பழகிய கைகள் இதனைச் சிந்தித்தல் நலம். கன்று முளைக்கும் நிலத்தை மிதியாமலும், விறகுக்கென மரத்தை வெட்டாமலும் தங்குதலே விருந்தினர்க்கு அழகு.

தலைநிமிர்ந்து பொன்னிலைகளைக் காண்போர், ஒருமுறை குனிந்து கன்றுகளையும் காண்பாராக. அவையின்றேல், வருங்கால மாணவர் காணப் பொன்னிலை ஏது?